மைமூனுக்குக் கேட்ட சத்தம்

பழைய வண்டியில் வருகிற தட்டுச் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, மெக்கானிக் தொழில் பழகுகிற நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பாகம் என்பதை இப்போது உங்கள் கைப்பேசியே படம் போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லிவிடுகிறது. அதோடு போட்டி போட எனக்குத் தெம்பில்லை. நான் சொல்லப்போவது சத்தத்தைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகு நடந்த கதை. கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் மனசில் கிடந்து உறுத்துகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தென்காசியில், குற்றாலம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் நான் இருந்த காலம் முழுக்க, கை பார்த்த வேலையை விட வாய் பார்த்த வேலை அதிகம். பாகத்தை மாற்றிவிட்டுச் சும்மா சாவியை நீட்டினால் எங்கள் முதலாளிக்குப் பிடிக்காது. “ஏலே, மாத்திட்டேன்னு மட்டும் சொன்னா எவன் மதிப்பான்? மாத்தாம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்லு. அப்பத்தான் அடுத்த தடவையும் இங்கன வருவான்” என்பார்.

அதனால் எங்கள் எல்லோருக்கும் ஒரு வசனம் வாயில் ஊறிப்போயிருந்தது. “நல்லவேளை, இன்னைக்கு வந்தீங்க.” பிரேக் தேய்ந்திருந்தால், புளியறை இறக்கத்தில் வண்டி நிற்காமல் லாரிக்கு அடியில் போயிருக்கும் என்போம். ஃபேன் பெல்ட் வெடித்திருந்தால், செங்கோட்டை தாண்டுவதற்குள் இன்ஜின் வெந்திருக்கும் என்போம். வைப்பர் ரப்பர் மாற்றியதற்கே உயிர் தப்பியதாகச் சொன்ன ஆள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் உண்டு. அது நானாகவும் இருக்கலாம். நீங்களும் இதைச் சொல்லுகிறீர்கள், நான் காதால் கேட்டிருக்கிறேன், அதனால் என்னைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டி இங்கே நிற்கும், வண்டிக்காரர் சவுதியிலோ துபாயிலோ இருப்பார். ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அவருக்குப் போன் போட வேண்டும். கழற்றிய பாகத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால்தான் புதுசு ஏறும். வழக்கத்தில் தப்பில்லை. தூரத்தில் இருக்கிறவருக்கு வேறு என்னதான் வழி?

இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் மைமூன் மாட்டிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் காதர் சவுதியில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறையில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி, இலத்தூர் குளத்துக் கரையில் வைத்து அவரே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அது பிடிக்கவில்லை. வீட்டுப் பெண் கார் ஓட்டுவதா என்று ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். காதர் அங்கிருந்தே போனில் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படி நின்றதற்குக் காரணம் இருந்தது. மைமூனின் உம்மா அச்சன்புதூரில் தனியாக இருந்தார்கள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் தவறாமல் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மைமூன் காலையில் தென்காசியிலிருந்து போய் உம்மாவை ஏற்றிக்கொண்டு வருவாள், சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள்.

இதெல்லாம் அவள் வண்டிக்கு ஆயில் மாற்ற வரும்போது என்னிடம் சொன்னது. இன்னொன்றும் சொல்வாள். உம்மாவுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகம் நாக்கைப் பிடுங்கும், குடிக்க முடியாது. அதனால் சாரல் காலத்தில் திரும்பிப் போகும்போது நேர்வழியில் போகாமல், சுற்றிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் போய் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவாளாம். உம்மா முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு சாரலை வாங்கிக்கொள்வார்களாம். “அதுல அவுகளுக்குப் பாதி தாகம் போயிரும் அண்ணாச்சி” என்பாள். டாக்டருக்குத் தெரியாத வைத்தியம் என்று நான் கேலி செய்வேன்.

அப்படிப்பட்ட ஒரு சீசனில்தான் சத்தம் வந்தது. குற்றாலத்து டாக்சி எல்லாம் எங்கள் வாசலில் வரிசை கட்டி நின்ற நேரம். மைமூன் வந்து, முன்னால் இடது பக்கம் தட்டுகிறது என்றாள். சத்தத்தைப் போனில் பதிவு செய்து காதருக்கும் அனுப்பியிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, ஷாக் அப்சார்பர் போயிருக்கும், மாற்றச் சொல்லு என்று சொல்லியிருந்தார். முதலாளிக்கு அது போதும். வண்டிக்காரரே சொல்லிவிட்டார், மாற்றி அனுப்பு, இடத்தைக் காலி பண்ணு என்றார்.

நான் எடுத்துக்கொண்டு குற்றாலம் வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து, “ஒண்ணும் வரலயேம்மா” என்றேன்.

“நீங்க தனியா, வேகமா போயிருப்பீய. அப்ப வராது அண்ணாச்சி” என்றாள். “உம்மா பக்கத்துல ஏறி உக்காந்து, தெருமுனையில ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு, பிரேக்குல கால வச்சுக்கிட்டே வாறுகாலுக்குள்ள எறங்கும்போதுதான் வருது. ஒரே ஒரு தட்டு. கதவ விரல மடக்கித் தட்டுவாவல்லா, அந்த மாதிரி.”

“உங்க வீட்டுக்காரர் ஷாக்னு சொல்லுதாரே.”

“அவுக போன்ல கேட்டாவ. நான் வண்டில கேக்குதேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதலாளி ஒரு பக்கம் கத்துகிறார், டாக்சிக்காரர்கள் ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறார்கள், வண்டிக்காரர் உத்தரவு கொடுத்தாயிற்று, நானே ஓட்டியும் பார்த்தாயிற்று. ஷாக்கை மாற்றி அனுப்பியிருந்தால் என்னை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஷாக் போன வண்டி மாடிப்படியில் தகர டின் உருளுகிற மாதிரி லொடலொட என்று வரும். இவள் சொன்னது ஒரே ஒரு தட்டு. எப்போது வரும், எப்போது வராது, யார் உட்கார்ந்தால் வரும் என்று இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டிரைவர் தொழில் பார்க்கிறவர்களே “என்னமோ சத்தம் அண்ணாச்சி” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவள் சொன்னதை நம்புவது என்று முடிவு செய்தேன். முதலாளியிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

“நீங்களே ஓட்டுங்க. உம்மா உக்காருத எடத்துல நான் உக்காருதேன்” என்று ஏறினேன். அச்சன்புதூர் போனோம். நன்றாக ஓட்டினாள். பள்ளம் வருவதற்கு முன்பே கால் தானாக இறங்கியது. உம்மா வீட்டுத் தெருவை அறுத்துக்கொண்டு, கழிவுத் தண்ணீர் போகிற வாறுகால் ஓடுகிறது, மேலே மூடியிருந்த கல் ஒரு பக்கம் அமிழ்ந்து கிடந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து, பிரேக்கில் கால் வைத்தபடி மெதுவாக இறக்கினாள். என் இடது காலுக்கு அடியில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் வண்டியை ஜாக்கில் ஏற்றவில்லை. ஏற்றித் தொங்கவிட்டால் சில ஆட்டம் ஒளிந்துகொள்ளும். தரையில் தன் கனத்தோடு நிற்கவிட்டு, அவளை ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் ஒடிக்கச் சொல்லி, நான் படுத்துக்கொண்டு சக்கரத்துக்கு உள்ளே, அதைத் தாங்கித் திருப்புகிற குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட்டில் விரலை வைத்தேன். விரலில் தட்டியது. மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே மண்ணும் தண்ணியும் போயிருந்தது. “வந்து கை வச்சுப் பாருங்க” என்று அவளைக் கூப்பிட்டேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து கையை விட்டாள். நான் ஸ்டீயரிங்கை ஆட்டினேன். “ஆமா, இதேதான்” என்று சிரித்தாள். எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு என்னைவிட.

மறுநாள் உம்மாவுக்கு ஆஸ்பத்திரி. சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தேன். பழைய ஜாயிண்ட்டைக் கழற்றினேன். வழக்கப்படி வீடியோ எடுக்க வேண்டும். சந்தோஷத்தில் இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் வாய் அவிழ்ந்துவிட்டது.

ஜாயிண்ட்டைக் கேமரா முன்னால் ஆட்டிக்கொண்டே சொன்னேன். “பாருங்க தம்பி, ஆட்டத்த. நல்லவேளை, இன்னைக்கு வந்தாவ. இன்னும் ரெண்டு தடவ அந்த வாறுகாலுல எறங்கியிருந்தா சக்கரம் மடங்கிப் படுத்திருக்கும். குளத்துக் கரையில வச்சு நடந்திருந்தா வண்டியோட உள்ளதான். நான் ஓட்டியே எனக்குக் கேக்கல. உங்க வீட்டம்மா காதுதான் எல்லாரையும் காப்பாத்திச்சு. அந்தக் காதுக்கு ஒரு தோடு செஞ்சு போடுங்க.”

அவளைப் புகழ வேண்டும் என்றுதான் அவ்வளவும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அந்த ஜாயிண்ட் இன்னும் சில மாதம் தாங்கியிருக்கும். மாற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சக்கரம் மடங்குகிற நிலையில் அது இல்லை. குளத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். கதைக்கு ஒரு கனம் வேண்டும் என்று வாய் பழகிப்போயிருந்தது.

காதர் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்புப் பொம்மை போட்டு, நன்றி அண்ணாச்சி என்று அனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும் என்று பெருமையாக அந்த வீடியோவை அவர் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிட்டார். அவர் காதில் விழுந்தது தோடு. அவர்கள் காதில் விழுந்தது குளம்.

சாயங்காலம் மைமூன் வருவதற்கு முன்பே காதரின் அண்ணன் வந்து நின்றார். மரியாதையான மனிதர், சத்தம் போடவில்லை. “சாவியக் குடுங்க அண்ணாச்சி. தம்பிகிட்டப் பேசியாச்சு” என்றார். நான் காதருக்குப் போன் போட்டேன். காலையில் சிரிப்புப் பொம்மை போட்ட மனிதரின் குரலே மாறியிருந்தது.

“வீட்ல அம்மா அழுதுகிட்டு கெடக்காவ. அவ போயிட்டா பிள்ளையள யாரு பாக்கதுன்னு கேக்காவ. நான் என்ன சொல்ல? சாவிய அண்ணன்கிட்டக் குடுத்துருங்க.”

“தம்பி, அதுதான் புதுசு மாத்தியாச்சே. இனி அந்த வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்.”

“வீடியோவுல நீங்கதான சொன்னீய, ஓட்டியே உங்களுக்குக் கேக்கலன்னு. உங்களுக்கே கேக்காதது நாளைக்கு அவளுக்கும் கேக்காம போச்சுன்னா? நான் இங்க இருந்துகிட்டு எப்படி அண்ணாச்சி தூங்குவேன்?”

அவளை உயர்த்துவதற்காக என்னைத் தாழ்த்திச் சொன்ன வார்த்தை அது. அதையே எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை நாள் வீட்டோடு மல்லுக்கட்டி நின்ற மனிதர் அவர். நின்ற காலைத் தட்டிவிட்டது நான். சாவியைக் கொடுத்தேன்.

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் மைமூன் ஆட்டோவில் வந்து இறங்கினாள். விஷயம் போனில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

“அவுககிட்ட என்ன அண்ணாச்சி சொன்னீய?”

நான் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். தோடு என்ற இடத்தில் கூட முகம் மாறவில்லை.

“ஜாயிண்ட்டு போச்சு, மாத்தியாச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. காதரோடு மறுபடியும் பேசினேன். அண்ணனை வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். வேண்டுமானால் நானே மாசம் ஒரு தடவை வண்டியைச் சோதித்துத் தருகிறேன் என்றேன். காபி கொடுத்து, நல்லபடியாகப் பேசி, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்கள். பயம் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் அதைக் கழற்ற நம்மிடம் ஸ்பேனர் கிடையாது. மறுநாளிலிருந்து ஒரு டிரைவரைப் போட்டார்கள். உம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துபோவது நிற்கவில்லை என்று கேள்விப்பட்டுக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வண்டி மட்டும் அதன் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். எது போயிருக்கிறது, எதை மாற்றியிருக்கிறோம், இனி எதைக் கவனிக்க வேண்டும், இந்த மூன்றையும் சொல்லுங்கள். நடக்காத விபத்தை நடந்த மாதிரி சொல்லாதீர்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளுக்குப் பின்னால் எந்த வீடு இருக்கிறது, அந்த வீட்டில் யார் எதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நாம் பெருமைக்குச் சொல்கிற வார்த்தை அங்கே போய் என்ன வேலை செய்யும் என்றும் தெரியாது. சத்தத்தை முதலில் கேட்டது யாரோ, பதிலையும் முதலில் அவர்களிடமே சொல்லுங்கள். வீடியோ அப்புறம் போகட்டும்.

முதலாளி சொன்ன பாடத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். வேலை குறைந்துவிடும் என்று அவர் பயந்தார். அப்படி ஒன்றும் குறையவில்லை.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு, ஒரு சாரல் நாளில் இலஞ்சியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிட்டது, பின்சக்கரப் பக்கம் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தது. பார்த்தால் அதே வண்டி. டிரைவர் இறங்கி டீ சொல்லப் போனார். பின்சீட்டில் மைமூன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள். நல்லா இருக்கீயளா அண்ணாச்சி என்று கேட்டாள். குரலில் பழைய மரியாதை குறையவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“உம்மா எப்படி இருக்காவ?”

“மவுத்தாயிட்டாவ அண்ணாச்சி. ஒரு வருசம் ஆவப்போவுது.”

உம்மா இறந்த செய்தி எனக்கு வந்து சேரவே இல்லை. அவளே பேசினாள். “டிரைவர் நல்ல ஆளுதான். ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் பிந்துனது கெடயாது. அருவிப் பக்கம் மட்டும் சுத்திப் போவ மாட்டாரு. சீசன் நெரிசல்ல மாட்டிக்கிடுவோம்னு சொல்லிருவாரு. உம்மா ரெண்டு மூணு தடவ கேட்டாவ. பெறவு கேக்கல.”

“என்னால வந்தது” என்றேன்.

“விடுங்க அண்ணாச்சி” என்றாள்.

பேச்சை மாற்றுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். “பின்னால ஒரு சத்தம் வருதே, கேக்கலயாம்மா?”

அவள் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“இல்லயே” என்றாள். “எனக்கு ஒண்ணும் கேக்கல.”

கண்ணாடி ஏறியது. வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கும்போது அந்தச் சத்தம் நன்றாகவே வந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலை சத்தம் வந்த பக்கமாகச் சட்டென்று திரும்பியது. அப்புறம் நேராகிவிட்டது.